கையெழுத்துப் போடும் முன்

நான் பார்த்த வேலைக்கு புரொடக்சன் சப்போர்ட் என்று பெயர். ஐடி என்றால் எதையோ புதிதாக எழுதி உருவாக்குவது என்றுதான் எங்கள் ஊர் செய்யாறு பக்கம் இன்னும் நினைக்கிறார்கள். நான் புதிதாக எழுதியது குறைவு. யாரோ முப்பது வருஷத்துக்கு முன்னால் கோபோல் மொழியில் எழுதிவிட்டுப் போன புரோகிராம்கள் நிற்காமல் ஓடுகின்றனவா என்று பார்த்துக்கொள்வதுதான் என் தொழில்.

இங்கிலாந்தில் ஒரு பென்ஷன் நிறுவனம். அங்கே ஆபீஸ் மூடிய பிறகு, அன்றைக்கு வந்த சந்தா, கொடுக்க வேண்டிய ஓய்வூதியம், இறப்பு அறிவிப்பு எல்லாம் கணக்கில் ஏற வேண்டும். அதற்காக நூற்றுக்கணக்கான ஜாப்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். அதை நைட் பேட்ச் என்போம். அவர்களுக்கு இரவு எட்டு மணி என்றால் குளிர்காலத்தில் நமக்கு நள்ளிரவு தாண்டி ஒன்றரை. ஏப்ரல் 5 அவர்களுக்கு வரி ஆண்டு முடியும் நாள். அதனால் ஊரில் சித்திரைப் பிறப்புக்கு வீடு மெழுகும் நேரத்தில் எங்களுக்கு உச்சகட்ட வேலை. புத்தாண்டுக்கு நான் செய்யாறு வந்து சேர்ந்த வருஷங்கள் குறைவு.

அந்த வேலையின் அருமை வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஒரு சம்பவம் சொல்கிறேன். விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு ஜாப் விழுந்தது. 'எஸ் ஜீரோ சி செவன்' என்று திரையில் வந்தது. எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் அல்லாத ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். கையேட்டில், அதாவது ரன்புக்கில், 'கோப்பை அனுப்பியவர்களுக்குத் தகவல் சொல்லவும்' என்று ஒரு வரி இருந்தது. அனுப்பியவர்கள் அங்கே ஆபீஸை மூடிவிட்டுப் போயிருந்தார்கள். காலைக்குள் வங்கிக்குப் போக வேண்டிய ஓய்வூதியப் பட்டியல் இந்த ஜாப்புக்குப் பின்னால் நின்றது. ஆயிரக்கணக்கான கிழவர் கிழவிகளுக்கு மாதம் ஒருமுறை வரும் பணம் அது.

எனக்கு அந்தக் கோப்பைத் தெரியும். அதை அனுப்பும் ஏஜென்சி, ஒருவர் இறந்து கணக்கு முடிந்துவிட்டால் தொகைக் கட்டத்தில் பூஜ்யம் போடாமல் வெறுமையாக விட்டுவிடும். வருஷத்துக்கு ஓரிரு முறை நடக்கும். ஹெக்ஸ் முறையில் கோப்பைத் திறந்து பார்த்தால் எண் வரிசைக்கு நடுவில் '40 40 40' என்று நிற்கும். மெயின்ஃபிரேமில் அது வெற்றிடத்தின் அடையாளம். அங்கே பணியிலிருந்த மேலாளரைக் கூப்பிட்டு, போனிலேயே அனுமதி வாங்கி, அந்த ஒரு பதிவை மட்டும் தனியே எடுத்து வைத்து, விழுந்த படியிலிருந்து ஜாப்பை மறுபடி ஓட்டினேன். பட்டியல் நேரத்துக்குப் போனது. காலையில் விவரமாக மெயில் போட்டேன். யாருடைய பென்ஷனும் தாமதமாகவில்லை. அந்த வேலையை நான் நேசித்தேன். இப்போதும் நேசிக்கிறேன்.

இந்த அறிவு எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்காது. ஒரே கணினிக்கு முன்னால் பல வருஷம் உட்கார்ந்தால்தான் வரும். ஆனால் நிறுவனத்தின் கணக்கில் அதற்கு வரவுப் பத்தியே கிடையாது. செலவுப் பத்தி மட்டும்தான் உண்டு. பதினாறு வருஷ அனுபவம் என்றால் பதினாறு வருஷச் சம்பள உயர்வு என்று மட்டும் அது படிக்கிறது.

இந்தத் தொழிலின் பணக்கணக்கைக் கொஞ்சம் விளக்கினால்தான் மற்றது புரியும். வாடிக்கையாளர் மூன்று அல்லது ஐந்து வருஷத்துக்கு ஒப்பந்தம் போடுவார். புதுப்பிக்கும்போது விலையைக் குறை என்பார். வேறொரு நிறுவனம் இன்னும் குறைவாகக் கேட்கத் தயாராக நிற்கும். நம் நிறுவனமும் ஒத்துக்கொள்ளும். ஆனால் லாப விகிதம் குறையக் கூடாது. மின்சாரத்தையும் வாடகையையும் எவ்வளவுதான் குறைக்க முடியும்? குறைக்கக்கூடிய பெரிய செலவு ஆட்கள்தான். அடியில் புதியவர்கள் நிறைய, மேலே அனுபவசாலிகள் கொஞ்சம் என்று வைத்துக்கொள்வதற்குப் பிரமிடு என்று பெயர். 2008 வாக்கில் கல்லூரியிலிருந்து வந்தவனுக்கு வருஷத்துக்கு மூன்று லட்சம் கொடுத்தார்கள். பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் பெரிய கம்பெனிகளில் ஆரம்பச் சம்பளம் மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. என்னைப் போன்ற ஒருவரை எடுத்துவிட்டு இரண்டு மூன்று புதியவர்களை உட்கார வைத்தால் ஒப்பந்தம் லாபத்தில் நிற்கும். எங்கள் திறமை போதவில்லை என்று சொல்லப்படுவதெல்லாம் இந்தக் கூட்டல் கழித்தல் முடிந்த பிறகு தேடிப் பிடிக்கிற காரணம். என் அனுபவத்தில் இதற்கு விலக்கே பார்த்ததில்லை.

சிக்கனம் முதலில் சின்னச் சின்னதாகத்தான் வரும். எங்கள் ஆபீஸில் முதலில் ஆண்களுக்கு இரவு வண்டியை நிறுத்தினார்கள். இரவுப் பணிக்கு வரும் பெண்களுக்கு வண்டி கொடுப்பது விதி, அதனால் அது தப்பித்தது. பிறகு ஷிப்ட் படி பாதியானது. மாறுசம்பளம் 'இந்தக் காலாண்டு இவ்வளவுதான்' என்று தேய்ந்தது. ஒருவர் வேலையை விட்டால் அந்த இடத்துக்கு ஆள் வராது, அவர் பார்த்த ஜாப்களும் எங்கள் தலையில் விழும். அப்புறம் ஒருநாள் கேடி ஆரம்பித்தது. கேடி என்றால் நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்: உனக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதி வை, புதிதாக வந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடு, திரையைப் பதிவு செய்துகொள்ளட்டும். அந்த வெறுமைக் கட்டம் விவகாரத்தையும் படம் போட்டு எழுதிக்கொடுத்தேன். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. விழுப்புரத்திலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் கல்விக் கடன் வாங்கிப் படித்து வந்தவர்கள். அவர்களில் ஒரு பையன் கேட்டான், "அண்ணா, இதெல்லாம் எழுதி முடிச்சதும் உங்கள வேற புராஜெக்ட்ல போடுவாங்களா?" கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டான். அவனுக்கும் தெரிந்திருந்தது.

2023-ல் என்னைக் கூப்பிட்டார்கள். அழைப்பில் தலைப்பு 'கேட்ச் அப்'. சின்ன அறை. எச்ஆர் அதிகாரி ஒருவர், நான் அதுவரை பார்த்திராத மேலாளர் ஒருவர். போனை வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னார்கள். இரண்டு வழி இருக்கிறது என்றார் அந்த அதிகாரி. இன்றே நீங்களாக ராஜினாமா அனுப்பினால் இரண்டு மாத அடிப்படைச் சம்பளம், நல்லபடியான ரிலீவிங் லெட்டர். இல்லாவிட்டால் டெர்மினேஷன், அது உங்கள் பேக்கிரவுண்ட் செக்கில் வரும், வேறு எந்தக் கம்பெனியும் எடுக்காது. "சார், இது உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம்." ராஜினாமாவுக்கான வாசகம் அவர்கள் மடிக்கணினியில் தயாராக இருந்தது. 'சொந்தக் காரணங்களுக்காக' என்று தொடங்கியது.

என் சொந்தக் காரணம் என்ன என்று கேட்டேன். பதில் இல்லை. "அப்ப நீங்க சொன்னதை அப்படியே மெயில்ல அனுப்புங்க, படிச்சுட்டுச் சொல்றேன்" என்றேன். அனுப்ப முடியாது என்றார்கள்.

அந்தக் கேள்வியைக் கேட்க எனக்குத் தைரியம் கொடுத்தது 2017 ஜூலையில் வெளியான ஓர் ஒலிப்பதிவு. ஐடியில் இருந்த அத்தனை பேரும் அப்போது அதைக் கேட்டோம். டெக் மஹிந்திராவின் எச்ஆர் அதிகாரி ஒருவர் ஓர் ஊழியரிடம், செலவுக் குறைப்பின் ஒரு பகுதி இது, மறுநாள் காலை பத்து மணிக்குள் ராஜினாமா செய்யுங்கள், இல்லாவிட்டால் நீக்கப்படுவீர்கள் என்கிறார். அந்த ஊழியர் திரும்பத் திரும்பக் காரணம் கேட்கிறார், அவகாசம் கேட்கிறார். பதிவு பரவிய பிறகு ஆனந்த் மஹிந்திராவே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். மூடிய அறையில் சொல்கிறவர்கள் அதையே எழுத்தில் தர ஏன் தயங்குகிறார்கள் என்பது எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

இந்த இடத்தில் சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். ஐடிக்குத் தொழிலாளர் சட்டம் கிடையாது என்று எங்கள் தலைமுறை உண்மையாகவே நம்பியது. அது தவறு. அப்போது நடப்பிலிருந்த 1947-ன் தொழில் தகராறு சட்டப்படி, ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்புச் செய்வதானால் ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அந்த மாதச் சம்பளம் தர வேண்டியிருந்தது. அதோடு முடித்த ஒவ்வொரு ஆண்டுக்கும் பதினைந்து நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. பதினாறு ஆண்டு என்றால் 240 நாள், அதாவது எட்டு மாதச் சம்பளம். அவர்கள் எனக்குக் காட்டிய இரண்டு மாத அடிப்படைச் சம்பளத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தானாக ராஜினாமா செய்தவருக்கு இந்த இழப்பீடு கிடையாது. பணிக்கொடை மட்டும்தான், அது எப்படியும் நமக்குச் சேர வேண்டியது. அந்த ஒற்றை வாசகத்தில் நம் கையெழுத்தை வாங்குவதற்கு ஏன் இவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பதற்கு இந்தக் கணக்கே பதில். ஆட்குறைப்பு செய்யவே இல்லை, ஆட்கள் தாமாகப் போனார்கள் என்று வெளியே சொல்லிக்கொள்ளவும் அது உதவுகிறது. வேலையை மட்டும் பறிக்கவில்லை, பறித்ததற்கான சாட்சியத்தையும் நம் கையாலேயே அழிக்கச் சொல்கிறார்கள். வேலை போனதைவிட இதுதான் என்னைச் சுட்டது.

என் அப்பா ஆரணி முதலாளி ஒருவருக்குக் கூலிக்குப் பட்டு நெய்தவர். தறி எங்களுடையது, பட்டும் ஜரிகையும் முதலாளி தருவார், புடவைக்கு இவ்வளவு என்று கூலி. அம்மா தார் சுற்றுவார். வியாபாரம் படுத்துவிட்டால் கையிலிருக்கும் பாவு முடிந்ததும் அடுத்த பாவு வராது. "கொஞ்சம் பொறு, சொல்லி அனுப்புறேன்" என்பார் முதலாளி. சில சமயம் மாதக்கணக்கில் தறி சும்மா கிடக்கும். வாங்கிய முன்பணம் கழுத்தை நெரிக்கும். அந்தக் கஷ்டத்துக்கு நான் சாட்சி. பட்டுத் தொழிலின் முறைகளை நியாயப்படுத்த மாட்டேன். ஐடியில் புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் உட்கார வைப்பதும் அடுத்த பாவு வராமல் இருப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால், 'நானாகத்தான் நெய்வதை நிறுத்திக்கொள்கிறேன்' என்று எந்த முதலாளியும் அப்பாவிடம் எழுதி வாங்கியதில்லை. பாவு இல்லை என்றால் இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்கள்.

பெஞ்ச் இப்போது இன்னும் இறுகியிருக்கிறது. 2025 ஜூனில் டிசிஎஸ் கொண்டுவந்த விதிப்படி ஓர் ஊழியர் வருஷத்தில் 225 நாள் வாடிக்கையாளருக்குப் பில் போடும் வேலையில் இருக்க வேண்டும், பெஞ்ச் 35 நாளுக்கு மேல் போகக் கூடாது. அடுத்த மாதமே, ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், அதாவது பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டோரைக் குறைக்கப்போவதாக அந்த நிறுவனம் அறிவித்தது. பெரும்பாலும் இடைநிலை, மேல்நிலை ஊழியர்கள். ஏஐ காரணமில்லை, திறன் பொருத்தமின்மைதான் என்றார் அதன் தலைமைச் செயல் அதிகாரி கிருத்திவாசன். அமெரிக்காவில் மெட்டா 2022 நவம்பரில் 11,000 பேரையும் கூகுள் 2023 ஜனவரியில் 12,000 பேரையும் குறைப்பதாக அறிவித்தன. அங்கே அதை லேஆஃப் என்று பெயர் சொல்லி அறிவித்தார்கள். அப்படி அறிவித்தால் கேள்வி கேட்கவாவது ஓர் இடம் இருக்கிறது.

சென்னையில் கேள்வி கேட்டவர்கள் இல்லாமல் இல்லை. 2014 கடைசியிலும் 2015 தொடக்கத்திலும் டிசிஎஸ் ஆட்குறைப்புப் பேச்சு எழுந்தபோதுதான் ஃபைட் என்ற ஐடி ஊழியர் அமைப்பு பரவலாகத் தெரியவந்தது. கர்ப்பிணி ஊழியர் ஒருவரை வேலையிலிருந்து நீக்கியதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2015 ஜனவரியில் இடைக்காலத் தடை கொடுத்தது. 2016-ல் தமிழ்நாடு அரசே, ஐடி ஊழியர்களும் சங்கம் வைக்கலாம், தொழில் தகராறு சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என்று தெளிவுபடுத்தியது. அப்புறம் என் மனதில் எப்போதும் நிற்கும் தீர்ப்பு ஒன்று உண்டு. 2015-ல் நீக்கப்பட்ட ஒரு பொறியாளர், தான் மேலாளர் அல்ல, தொழில்நுட்ப வேலை பார்த்த தொழிலாளி என்று சென்னைத் தொழிலாளர் நீதிமன்றத்தில் வாதாடினார். 2022-ல் நீதிமன்றம் அதை ஏற்று, பின்சம்பளத்தோடு மறுபடி வேலையில் சேர்க்க உத்தரவிட்டது. ஏழு வருஷம். அந்த ஏழு வருஷமும் அவர் வீடு எப்படி ஓடியிருக்கும் என்று நினைத்தால் மனம் கனக்கிறது. ஆனாலும் அந்தத் தீர்ப்புக்குப் பிறகு, 'நீங்க டீம் லீட், உங்களுக்குச் சட்டம் கிடையாது' என்ற வாதம் பழையபடி எடுபடாது. பதவிப் பெயரில் மேனேஜர் என்று இருந்தால் போதாது, அன்றாடம் செய்த வேலை என்ன என்பதுதான் கேள்வி.

என் விஷயம் அவ்வளவு நீளவில்லை. கையெழுத்துப் போடாமல் அறையை விட்டு வந்த பிறகு என் லாகின் போனது. தினமும் போன் வந்தது. ஆபீஸுக்குப் போய் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தேன். கூட இருந்தவர்கள் என்னோடு டீ குடிக்கவே பயந்தார்கள், பாவம், அவர்களுக்கும் இஎம்ஐ இருந்தது. கடைசியில், பணியிடம் தேவையில்லை என்று காரணம் சொல்லி நீக்கக் கடிதம் கொடுத்தார்கள். அந்தக் கடிதம்தான் என் ஆயுதம். தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் மனுப் போட்டேன். ஓராண்டுக்கு மேல் இழுத்தது, கடைசியில் சட்டப்படியான இழப்பீட்டைக் கொடுத்தார்கள். பேக்கிரவுண்ட் செக் மிரட்டல் என்னவானது என்று கேட்பீர்கள். இப்போது சென்னையில் உள்ள ஒரு சின்ன நிறுவனத்துக்கு ஊரிலிருந்தே மெயின்ஃபிரேம் வேலை பார்க்கிறேன். சேரும்போது அந்தக் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு, எப்போது சேரலாம் என்று மட்டும் கேட்டார்கள்.

ஊருக்குத் திரும்பிய பிறகு இந்த விஷயத்துக்காக என்னைத் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். செய்யாறு, வந்தவாசி, ஆரணி மூன்று பக்கமும் தறிவீட்டுப் பிள்ளைகள் நிறைய பேர் ஐடியில் இருக்கிறார்கள். சிப்காட் ஷூ கம்பெனி பஸ் காலையில் ஊர் ஊராக வந்து பெண்களை ஏற்றிப்போகும் அதே சாலையில் இவர்கள் வெள்ளிக்கிழமை இரவு வந்து இறங்குவார்கள். வேலை போனதை வீட்டில் சொல்ல மாட்டார்கள். 'ஒர்க் ஃபிரம் ஹோம்' என்று சொல்லிக்கொண்டு மாடியில் மடிக்கணினியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருப்பார்கள். அப்பா அம்மாவின் தலைநிமிர்வே அந்தப் பிள்ளையின் வேலைதான் என்றால் எப்படிச் சொல்வது? ராஜினாமா எழுதிக்கொடுத்தவர்களுக்கு இன்னொரு சிக்கல். 'நீயேதானே விட்ட' என்று சொந்தக்காரர்கள் கேட்டால் மறுக்க அவர்களிடம் காகிதம் இல்லை.

சென்ற டிசம்பரில் ஒரு பெண் போன் செய்தாள். செய்யாறு அரசுக் கலைக் கல்லூரியில் பிசிஏ முடித்தவள், சென்னை ஓஎம்ஆரில் ஒரு கம்பெனியில் மூன்று வருஷமாக டெஸ்டிங் வேலை. கழிப்பறையிலிருந்து பேசினாள், குரல் நடுங்கியது.

"அண்ணா, பேப்பர் போடச் சொல்றாங்க. அஞ்சு மணி வரைக்கும் டைம் கொடுத்திருக்காங்க."

"கையெழுத்துப் போடாதம்மா. மெயில்லயும் ஒண்ணும் ஒத்துக்காத. இவங்க சொன்ன நேரம், சொன்ன ஆள், சொன்ன வார்த்தை எல்லாத்தையும் இப்பவே எழுதி வெச்சுக்கோ. அப்புறம் அவங்களுக்கே ஒரு மெயில் போடு. இன்னிக்கு இத்தனை மணிக்கு என்னை ராஜினாமா பண்ணச் சொன்னீங்க, எனக்கு அதுல விருப்பம் இல்லை, வேலை பார்க்கத் தயாரா இருக்கேன், இவ்வளவு போதும்."

"ரிலீவிங் லெட்டர் தர மாட்டேங்கறாங்கண்ணா."

"கேட்டு வாங்கலாம்மா, அதுக்கு லேபர் ஆபீஸ் இருக்கு. உன் சம்பளச் சீட்டு, அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், ரேட்டிங் லெட்டர் இதெல்லாம் எடுத்து வெச்சுக்கோ. கிளையன்ட் ஃபைல் எதையும் தொடாத."

கடைசியில் சொன்னது முக்கியம். கோபத்தில் வாடிக்கையாளர் தகவல் எதையாவது தன் மெயிலுக்கு அனுப்பிவிட்டால், நியாயம் முழுக்க நம் பக்கம் இருந்தாலும் வழக்கு கவிழ்ந்துவிடும்.

அவள் கையெழுத்துப் போடவில்லை. பத்து நாளில் நீக்கக் கடிதம் வந்தது. அதற்குள், 2025 நவம்பர் 21 முதல் பழைய 1947 சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. ஆண்டுக்குப் பதினைந்து நாள் இழப்பீடு அதிலும் இருக்கிறது. ஆட்குறைக்கப்பட்டவரின் மறுபயிற்சிக்காக நிறுவனம் இன்னொரு பதினைந்து நாள் சம்பளம் கட்ட வேண்டும் என்பது புதிது. அதே சமயம், முன்னூறு பேருக்குக் குறைந்த ஆலைகளில் ஆட்குறைப்புக்கு அரசு அனுமதி தேவையில்லை என்று வரம்பை நூறிலிருந்து உயர்த்தியிருக்கிறார்கள். இது சிப்காட் ஆலைகளில் இருப்பவர்களுக்குக் கெடுதல் என்பது என் உறுதியான கருத்து.

அவள் அப்பாவும் தறிக்காரர்தான். சமரச அதிகாரிக்கான மனுவைத் தமிழில் எழுதலாமா என்று கேட்டார், எழுதலாம் என்றேன். மூன்று பேரும் திண்ணையில் உட்கார்ந்து எழுதினோம். என்ன வேலை பார்த்தாள், எந்தத் தேதியில் யார் என்ன சொன்னார்கள், என்ன கேட்கிறாள் என்று இரண்டு பக்கத்தில் முடித்தோம். கம்பெனி தரப்பில் முதல் விசாரணைக்கு வக்கீல் மட்டும் வந்து வாய்தா வாங்கிப் போனார். அடுத்த விசாரணைக்கு நானும் கூடப் போகிறேன். காஞ்சிபுரம் வழியாக முதல் பஸ்ஸைப் பிடித்தால் பத்தரைக்குள் தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கும் தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்துக்குப் போய்விடலாம். சம்பளச் சீட்டுகளை இரண்டு நகல் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.